நாவல் முடிக்கப் போய்க் கல்வெட்டு எழுதிய கதை

என்னுடைய நாவலின் கதாநாயகன் படலையில் கையை வைத்தபடி நிற்கத் தொடங்கிப் பல வருடங்களாகிவிட்டன. காங்கேசன்துறைப் பக்கம், இராணுவம் விட்டுக்கொடுத்த காணி. இடம்பெயர்ந்து ஊரூராக அலைந்த மனுசன் ஒருவழியாகத் தன் வளவுக்குத் திரும்பி வந்து படலையைத் தொட்டுவிட்டான். இனி அதைத் தள்ளித் திறந்து உள்ளே போகவேண்டியதுதான் மிச்சம். போனால் நாவல் முடிந்தது. போகிறானில்லை. அவனுக்குக் கை மரத்துப் போயிருக்கும். எனக்குத் தலை நரைத்துப் போயிற்று.

உள்ளே போய் அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது. அதுதான் சிக்கல். மண்ணை அள்ளி நெற்றியில் பூசுவானா? இடிந்த சுவரைக் கட்டிப்பிடித்து அழுவானா? அதையெல்லாம் ஆட்கள் எழுதி முடித்துவிட்டார்கள். எனக்கு வேறொன்று வேண்டும். அது வரும் வரைக்கும், கேட்பவர்களுக்கெல்லாம் "கடைசி அத்தியாயம் போய்க்கொண்டிருக்குது" என்று சொல்லிச் சொல்லி, சாவகச்சேரியில் அதுவே எனக்குப் பட்டப்பெயராகிவிட்டது. நான் புவியியல் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தால், "கடைசி அத்தியாயம் வருகுது, கதிரையை விடுங்கோ" என்று யாராவது சொல்வார்கள். நானும் சிரித்துக்கொண்டு போய் இருப்பேன். எனக்குப் பயம் வந்தால் பகிடி வரும். பகிடி விட்டால் வேலை நடக்காது. வேலை நடக்காவிட்டால் இன்னும் பயம் வரும். என் இலக்கிய வாழ்க்கையின் சுருக்கம் இவ்வளவுதான்.

இந்த நிலைமையில்தான் அந்த வதிவிடத் திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டேன். வெளிநாட்டில் இருக்கிற சில வாசிப்புப் பைத்தியங்கள் சேர்ந்து தொடங்கியிருந்தார்கள். புத்தகத்தைத் தொடங்கிப்போட்டு முடிக்க முடியாமல் கிடக்கிற எழுத்தாளர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் இணுவிலில் ஒரு வீடு, மூன்று வேளைச் சாப்பாடு, தொந்தரவில்லாத தனிமை. விடுமுறைக் காலம் முழுக்க அங்கேயே இருந்து எழுதலாம். போகிற நாளில் முடித்துக் கையில் கொடுத்தால் அவர்களே புத்தகமாகப் போடுவார்கள். முடிக்காவிட்டால் சாப்பிட்ட சாப்பாட்டோடு சரி.

எடுபடாது என்ற தைரியத்தில்தான் விண்ணப்பித்தேன். எடுபட்டுவிட்டது. இவ்வளவு காலமும் எனக்கு இடமில்லை, நேரமில்லை, கரண்ட் இல்லை என்று சொல்ல முடிந்தது. இப்போது ஒரு வீட்டையே ஒதுக்கி வைத்துக்கொண்டு, "வா, எழுது" என்கிறார்கள். இதிலும் முடியாவிட்டால் இந்த நாவல் இனி ஒருபோதும் முடியாது. அது எனக்கும் தெரியும், என் மனைவிக்கும் தெரியும்.

"இஞ்சாருங்கோ, போறதெண்டால் முடிச்சுப்போட்டு வாங்கோ," என்றாள் அவள், என் உடுப்புகளை மடித்தபடி. "உங்கடை மேசையிலை நான் தையல் மிசினை வைக்கப்போறன்."

"அப்ப நான் பேந்து எங்கை இருந்து எழுதுறது?"

"முடிச்சாப் பேந்து என்னத்தை எழுதப்போறியள்?"

பஸ் ஏறினேன்.

வீடு நல்ல வீடு. கனடாவில் இருக்கிறவர்களின் மாடி வீடு. கீழறை எனக்கு. ஒரு பெரிய மேசை, சுழல்கிற கதிரை, யன்னலுக்கு வெளியே வாழைத் தோட்டம். "அமைதியான சூழல்" என்று அறிவித்தலில் போட்டிருந்தார்கள். கனடாவில் இருந்து பார்த்தால் அமைதியாகத்தான் இருக்கும். நான் போய் இறங்கின அன்றே கோயிலில் கொடியேறியது. ஒலிபெருக்கிக் குழாய் ஒன்றை எங்கள் மதில் ஓரத்துத் தென்னையில், என் யன்னலைப் பார்த்தபடி கட்டியிருந்தார்கள். கதாநாயகன் படலையைத் தள்ளப் போகிற ஒவ்வொரு முறையும், "அன்னதானத்துக்கு மரக்கறி வெட்ட அடியார்கள் தேவை" என்று முருகப்பெருமானின் சார்பில் யாரோ கூப்பிட்டார்கள்.

இதெல்லாவற்றையும் விட எனக்கு உதறல் எடுத்தது மேலறையை நினைத்துத்தான். அங்கே குருநகரைச் சேர்ந்த ஒரு ஆய்வாளர் இருந்தாள். கல்யாணம் ஆகாத இளம்பிள்ளை. தங்கள் கரையில் மீன் விற்கிற பெண்களைப் பற்றி ஆராய்ச்சி முடித்து, அதைப் புத்தகமாக எழுதிக்கொண்டிருந்தாள். எழுதிக்கொண்டிருந்தாள் என்றால் உண்மையாகவே எழுதிக்கொண்டிருந்தாள்! காலமை தொடங்கினால் மத்தியானம் வரைக்கும் தட்டெழுத்துச் சத்தம் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி மேலேயிருந்து கொட்டும். நான் கீழே இருந்து அண்ணாந்து பார்ப்பேன். மழை எனக்குப் பெய்யவில்லை.

"அங்கிள், எத்தினை பக்கம் ஆச்சு?" என்று முதல் நாளே கேட்டாள்.

"அண்ணை எண்டு கூப்பிடுங்கோ பிள்ளை. எனக்கு அவ்வளவு வயசில்லை."

"சரி அங்கிள்."

எங்களுக்குச் சமைத்துத் தந்தவர் பக்கத்து வீட்டு அக்கா. வீட்டுப் பூட்டும் திறப்பும் அவரிடம்தான். அருமையான கைப்பக்குவம். ஆனால் கோயில் கொடியேறினால் திருவிழா முடியுமட்டும் அவரின் குசினியில் மீன், இறைச்சி என்று ஒரு மச்சமும் இல்லை. காலையில் இடியப்பமும் சொதியும், மத்தியானம் பூசணி, பயிற்றங்காய், வாழைக்காய். குருநகர்ப் பிள்ளை ஒவ்வொரு நாளும் மத்தியானம் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துவிட்டு ஒரு பெருமூச்சு விடுவாள்.

"நாள் முழுக்க அறக்குளா, விளைமீன், ஓரா எண்டு எழுதுறன் அங்கிள். கீழை வந்தால் பூசணிக்காய். எனக்கு எழுதேக்கை வாயூறுது."

"உங்களுக்கு எழுதேக்கை வாயாவது ஊறுது. எனக்கு ஒண்டும் ஊறுதில்லை," என்றேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். பேந்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு, கதிரையில் இருந்து அந்தப் பக்கம் ஒரு சுற்று, இந்தப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றினேன். தலை சுற்றியது. படுத்துவிட்டேன்.

முதல் கிழமை முழுவதும் நான் செய்த இலக்கியப் பணிகள்: மேசையை யன்னலோரத்தில் இருந்து சுவரோரத்துக்கு இழுத்தேன். சுவரோரத்தில் இருந்து யன்னலோரத்துக்கு இழுத்தேன். மின்விசிறியின் இதழ்களைத் துடைத்தேன். முதலாவது அத்தியாயத்தில் இரண்டு காற்புள்ளிகளை எடுத்தேன். பிறகு ஒன்றைத் திரும்ப வைத்தேன். கொழும்பில் இருந்து திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர், மிகவும் மரியாதையான தம்பி, ஒரு தாமரைப் பூப் படத்தோடு "எப்படிப் போகிறது?" என்று போனில் செய்தி அனுப்பியிருந்தார். "நன்றாகப் போகிறது" என்று பதில் போட்டேன். பூவுக்குப் பதிலாக நானும் ஒரு பூ அனுப்பினேன்.

இரண்டாவது கிழமை முன்வீட்டு ஐயா மோசம் போனார்.

எனக்கும் அவருக்கும் ஒரு பழக்கமும் இல்லை. ஆனால் பக்கத்து வீட்டு அக்கா வந்து வாசலில் நின்றார். "தம்பி, முன்வீட்டிலை செத்தவீடு. நீங்கள் ஒருக்காத் தலையைக் காட்டாட்டிச் சரியில்லை. ஊருக்குள்ளை இருக்கிறியள் எல்லோ."

போனேன். தலையைக் காட்டிவிட்டு வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. சுடலையில் சாம்பல் அள்ளுகிற காடாத்து முடிந்து, எட்டாம் நாள் படைக்கிற எட்டுச் செலவுக்கும் ஒருக்கால் போனேன். அன்றைக்கு இழவு வீட்டு முற்றத்தில் பந்தலுக்குக் கீழே நாலைந்து பேர் கதிரைகளை ஒட்டிப்போட்டுக் கொண்டு கல்வெட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஒரு சின்னப் புத்தகம் அடித்து வந்தவர்களுக்குக் கொடுப்பது வழக்கம். அதைத்தான் கல்வெட்டு என்போம். செத்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, தேவாரங்கள், பிறகு புலம்பல்கள். மனைவி புலம்பல், பிள்ளைகள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று முறைப்படி ஒவ்வொருவருக்கும் செய்யுள் இருக்கும். அழுகிறது அவர்கள், எழுதுகிறது வேறு யாராவது.

அங்கே எழுதிக்கொண்டிருந்தவர் உரக்க வாசித்தார்: "அப்பா நீ போனதனால் அழுகின்றோம் நாங்கள்."

எனக்குப் பொறுக்கவில்லை. நாவலில் படலையைத் திறக்கத் தெரியாதவனுக்கு அடுத்தவன் வரியில் பிழை பிடிக்க எங்கிருந்து அவ்வளவு உசார் வருமோ தெரியாது. "ஐயா எப்பவும் வாசலிலை கதிரை போட்டு இருப்பாராமே. அதைச் சொன்னால் என்ன?" என்றேன். சொன்னதோடு நிறுத்தினேனா? ஒரு தாளை வாங்கி எழுதியும் காட்டினேன்.

*வாசற் கதிரையிலே வந்திருக்க ஆளில்லை*
*பேசிச் சிரித்தமுகம் பின்னொருகால் காண்போமோ*

ஒருவர் அதை வாசித்தார். தேத்தண்ணி கொண்டுவந்த மூத்த மகள் தட்டத்தோடு அப்படியே நின்று, விம்மி விம்மி அழத் தொடங்கிவிட்டா.

உண்மையைச் சொல்கிறேன், நான் எழுதின ஒன்றைக் கேட்டு ஒருவர் அழுதது அதுதான் முதல் தடவை. நாவலின் முதலாம் அத்தியாயத்தை வாசித்துக் காட்டியபோது என் மனைவி கண்ணைத் துடைத்ததுண்டு. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

முழுக் கல்வெட்டையும் எழுதிக் கொடுத்தேன். அதோடு பிடித்தது சனி. அச்சுக்குப் போக முதலே அதன் பிரதி கைமாற, அடுத்த ஒழுங்கைக்குச் செய்தி போனது: மாடி வீட்டில் ஒருத்தர் வந்து நிற்கிறார், நல்லாய் எழுதுவார், காசும் கேட்கமாட்டார். தாவடியில் இருந்து ஒருவர் வந்தார். கோண்டாவிலில் இருந்து இரண்டு சகோதரிகள் வந்தார்கள். செத்தவர்கள் இல்லாதவர்கள் பிறந்தநாள் வாழ்த்துக்கு வந்தார்கள். ஒரு தாத்தா, நல்ல திடகாத்திரமான ஆள், தன்னுடைய கல்வெட்டைத் தான் உயிரோடு இருக்கும்போதே பார்க்கவேண்டும் என்று வந்து இருந்துவிட்டார். "பேந்து இவங்கள் என்னத்தை எழுதுவாங்களோ தெரியாது தம்பி. நான் இருக்கேக்கையே பிழை திருத்திப்போட்டுப் போனால் நிம்மதி."

என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. துக்கத்தோடு வந்து வாசலில் நிற்கிறவரிடம், "எனக்கு ஒரு நாவல் இருக்கு" என்று எப்படிச் சொல்வது? அதைவிட வெட்கக்கேடு என்னவென்றால், எனக்கு அது பிடித்திருந்தது. பின்னேரம் தொடங்கினால் விளக்கு வைக்க முதல் முடிந்துவிடும். வாசிக்கிறவர்கள் வாசலிலேயே காத்துக்கொண்டு இருப்பார்கள். நாவலை எவர் கேட்டார்? இத்தனை வருடத்தில் ஒருவராவது என் வாசலுக்கு வந்து, "தம்பி, அந்தப் படலை என்ன மாதிரி?" என்று கேட்டதுண்டா?

நாட்கள் ஓடின. கதாநாயகன் படலையில் நின்றான். எனக்குச் சோறு உள்ளே போவது குறைந்தது. ஒரு வசனம் எழுதுவேன், இணுவில் வீட்டுப் படலைக்குப் பக்கத்தில் சைக்கிள் மணி கேட்கும். எழும்பிப் போனால் ஒரு குடும்பமே நிற்கும். கொடுமை என்னவென்றால் முறைப்பாடும் வரத் தொடங்கியது.

"என்ன சேர், மூத்த மருமகனுக்கு எட்டு வரி. எங்கடை இவருக்கு நாலு வரியோ?" என்று ஒரு அம்மா கல்வெட்டோடு திரும்பி வந்தா. "மாமாவை ஆசுப்பத்திரியிலை வைச்சுப் பார்த்தது ஆர்? இவரெல்லோ! மற்றவர் சுவிசிலை இருந்து வீடியோவிலை பார்த்தவர்."

இன்னும் நாலு வரி எழுதிக் கொடுத்தேன். அடுத்த நாள் சுவிசில் இருந்து போன் வந்தது.

மேலே மழை விடாமல் பெய்தது. கடைசிக் கிழமை தொடங்கிய அன்று ஒருங்கிணைப்பாளர் தம்பி மறுபடி செய்தி அனுப்பினார்: "ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நேரில் வருகிறேன். இருவருடைய பிரதியையும் கையோடு கொண்டு போகலாம். மிக்க மகிழ்ச்சி." இரண்டு தாமரைப் பூ.

நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு வாளியைக் கவிழ்த்து அதன் மேல் இருந்தேன். திட்டத்துக்கு என்ன சொல்வது? மனைவிக்கு என்ன சொல்வது? வெளியே அக்கா, "தம்பி, வயித்துக்கு ஏதும் ஒத்துக்கொள்ளேல்லையோ? ஓமம் அவிச்சுத் தரட்டோ?" என்று கேட்டார். "வேண்டாம் அக்கா, நாவல் எழுதுறன்," என்றேன். "உள்ளுக்கு இருந்தோ?" என்றார் அக்கா.

வெளியே வந்து, அன்று முழுக்க இருந்து கடைசி அத்தியாயத்தை எழுதியே விட்டேன். ஒரே இருப்பு. தங்குதடையில்லாமல் வந்தது. முடித்துப்போட்டு மேலே ஓடிப்போய்ப் பிள்ளையிடம் கொடுத்தேன். "பிள்ளை, முடிஞ்சுது. ஒருக்கால் வாசியுங்கோ."

அவள் வாசிக்க வாசிக்க நான் அவளின் முகத்தைப் பார்த்தேன். முதலில் புருவம் சுருங்கியது. பிறகு வாயைப் பொத்தினாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். கதிரையில் இருந்து விழப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள்.

"அங்கிள்! ஆளைப் படலையிலேயே சாகடிச்சுப் போட்டியளே!"

"அது ஒரு துன்பியல் முடிவு."

"துன்பியலோ? மனுசி புலம்புது, நாலு பக்கம். பிறகு மகன் புலம்புறான். பிறகு மருமகள். முறை தவறாமல் வரிசையிலை வருகினம். அங்கிள், பேரப்பிள்ளையும் புலம்புது! இந்த ஆளுக்குப் பேரப்பிள்ளை இருக்கெண்டு இதுக்கு முதல் எங்கையும் சொல்லேல்லையே?"

தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. நான் என் நாவலின் கதாநாயகனுக்குக் கல்வெட்டு எழுதியிருந்தேன். கடைசியில் "நன்றி நவிலல்" மட்டும்தான் இல்லை. செத்தவீட்டுக்கு வந்தவர்களுக்கும் மலர்வளையம் வைத்தவர்களுக்கும் குடும்பத்தார் நன்றி சொல்லியிருந்தால் பூரணம்.

"ஆளைச் சாகடிச்சால் படலையைத் திறக்கத் தேவையில்லை எண்டு பார்த்தியளோ?" என்றாள் அவள். இப்போது சிரிக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னவர்கள் மேல் வருகிற கோபம். "உங்களுக்கு என்ன, நீங்கள் ஆராய்ச்சிக்காரர். நடந்ததை எழுதினால் சரி. நான் உண்டாக்க வேணும்."

"கோவிக்காதேங்கோ. எனக்கு ஒரு சந்தேகம்." அவள் தாள்களைத் திரும்ப வாங்கி முதல் பக்கத்துக்குத் திருப்பினாள். "இருபத்தைஞ்சு வருசத்துக்கு மேலை ஆமி இருந்த காணி. காடாக் கிடந்தது. அதிலை படலை எப்பிடி அங்கிள் மிச்சமிருக்கு?"

நான் அந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்தேன்.

"நீங்கள் அங்கை போய்ப் பார்த்தனீங்களோ?"

பார்த்தேன்தான். சொந்தக்காரர் ஒருவரின் காணி விட்டபோது நானும் கூடப் போனேன். படலையும் இல்லை, வேலியும் இல்லை, ஒழுங்கையும் இல்லை. ஒரே பற்றை. எது யாருடைய காணி என்று தெரியாமல் ஆட்கள் வெயிலுக்குள் தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு அங்குமிங்கும் நடந்து திரிந்தார்கள். அதை என் கண்ணால் கண்டும், புவியியல் படிப்பித்தும், நாவலில் ஒரு படலையை நட்டு வைத்துவிட்டு, அதைத் திறக்க முடியவில்லை என்று இத்தனை வருடமாக அழுதுகொண்டிருந்திருக்கிறேன். ஏன் நட்டேன்? படலை என்றால் வாசிக்கிறவருக்கு நெஞ்சு உருகும் என்றுதான். வேறென்ன.

கீழே இறங்கி வந்து படலையை வெட்டி எறிந்தேன்.

அடுத்த நாள் விடிய, மேசையில் இருந்து நாலு வரி எழுதியிருப்பேன். சைக்கிள் மணி. பின்தெருவில் இருந்து ஒரு அண்ணை. தாயார் காலமாகி அந்தியேட்டி வருகிறது. அச்சகத்தில் இன்றைக்கே கேட்கிறார்களாம்.

"அண்ணை, எனக்கு ஏலாது," என்றேன்.

சொன்ன உடனே எனக்கு வேர்த்துவிட்டது. நான் தொடர்ந்து உளறினேன்: "கோவிக்காதேங்கோ. என்ரை ஒரு வேலை முடியவேணும். இல்லாட்டி..."

"பரவாயில்லைத் தம்பி," என்று அவர் சட்டைப்பையில் இருந்து போனை எடுத்தார். "மகள் சொன்னவள், இதுக்குள்ளை இருக்கிற ஏஐயைக் கேட்டாலே எழுதித் தருதாம் எண்டு. நேற்று ஒண்டு கேட்டுப் பார்த்தனாங்கள். உங்கடை கையாலை எண்டால் நல்லது எண்டுதான் வந்தனான். பாருங்கோ, இது சரியோ?"

பார்த்தேன். பிள்ளைகள் புலம்பல், மருமக்கள் புலம்பல், எல்லாம் ஒழுங்காக இருந்தன. சந்தம் என்னுடையதை விடச் சரியாக இருந்தது. மருமக்கள் எல்லோருக்கும் சமமான வரி வேறு. "நல்லா இருக்கு," என்றேன். அவர் மகிழ்ச்சியோடு சைக்கிளில் ஏறிப் போனார். என்னை விட்டால் ஆளில்லை என்று நம்பித்தானே இவ்வளவு நாளையும் கரைத்தேன்! ஆற்றாமையில் மேசைக் காலுக்கு ஒரு உதை விட்டேன். நல்ல தேக்கு. இரண்டு நாள் நொண்டினேன்.

நொண்டிக்கொண்டே எழுதினேன். ஒலிபெருக்கி கத்தினது, மேலே மழை பெய்தது, நான் கதாநாயகனைப் பற்றைக்குள் விட்டேன். அவன் தன் காணியைத் தேடித் திரிகிறான். உடைந்த கிணற்றுக்கட்டு ஒன்றைக் கண்டுபிடிக்கிறான். அதைப் பார்த்தபடி நிற்கும்போது மற்றப் பக்கத்துப் பற்றையை விலக்கிக்கொண்டு ஒரு ஆள் வருகிறான். பழைய பக்கத்து வீட்டுக்காரன். இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். சுகம் விசாரிக்கிறார்கள். செத்தவர்களைப் பற்றிக் கதைக்கிறார்கள். பிறகு, "அப்ப எங்கடை வேலி உதாலை போனது, என்ன?" என்று ஒருவன் ஒரு பக்கம் கையைக் காட்டிச் சாதாரணமாகக் கேட்கிறான். "உதாலை இல்லை, இஞ்சாலை," என்கிறான் மற்றவன். தொடங்கிவிட்டது. கடைசி ஐந்து பக்கமும் வேலிச் சண்டை. இவ்வளவு காலம் அகதியாக அலைந்து திரும்பிய இரண்டு மனுசர், எல்லாம் போன ஒரு வெட்டைவெளியில் நின்று, இல்லாத வேலிக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். முடிவில் என் கதாநாயகன் தடியை நட்டு, கிணறு தன் பக்கம் வரும்படி, தான் சொன்ன இடத்திலேயே கயிறு கட்டிவிடுகிறான். முற்றும்.

எழுதும்போது நானே சிரித்தேன், நானே அழுதேன். முடித்துப்போட்டு வாசித்தபோது குலை நடுங்கியது. இது என்ன முடிவு? சனம் என்னைக் கல்லால் எறியுமே! இடப்பெயர்வின் பெருந்துயரம் என்று முதல் அத்தியாயத்தில் தொடங்கி, கடைசியில் வேலிச் சண்டையா?

ஞாயிற்றுக்கிழமை காலமை, ஒருங்கிணைப்பாளர் வரமுதல், பிரதியைப் பிள்ளையிடம் கொடுத்தேன். "இதை நீங்கள் வைச்சிருங்கோ. நான் போன் பண்ணினாப் பிறகு குடுங்கோ. எனக்குச் சரியான தலையிடி, நான் வெளிக்கிடுறன்."

"பயந்து ஓடுறியளோ?"

"ஓம்."

அவள் வாங்கிக்கொண்டாள்.

கொக்குவில் தாண்டும் மட்டும் பஸ்ஸுக்குள் தைரியமாக இருந்தேன். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் இறங்கித் தேத்தண்ணி குடித்துக்கொண்டு மத்தியானம் வரைக்கும் இருந்ததில் தைரியம் போய்விட்டது. போனை எடுத்தேன்.

"பிள்ளை, அதைக் குடுத்திடாதேங்கோ. நான் திரும்பி வாறன். கடைசி ஐந்து பக்கத்தை எடுக்கவேணும்."

"குடுத்திட்டன் அங்கிள்."

"நான் போன் பண்ணினாப் பிறகு எண்டெல்லோ சொன்னனான்!"

"நீங்கள் போன் பண்ணினால் வேண்டாம் எண்டுதான் சொல்லுவியள் எண்டு தெரியும். அவர் வெள்ளனவே வந்திட்டார். கடைசி அத்தியாயத்தை இஞ்சை இருந்தே வாசிச்சவர்."

"என்னவாம்?"

"சிரிச்சவர்."

"எந்த இடத்திலை?"

"வேலிச் சண்டையிலை."

"அது அழுற இடம்!"

"நான் அழுதனான் அங்கிள்," என்றாள் அவள். "அவர் ரெயினுக்கு வெளிக்கிட்டிட்டார். நான் குருநகருக்குப் போறன். வீட்டிலை மீன் குழம்பு. போனை வைக்கிறன்."

சாவகச்சேரி பஸ்ஸில் ஏறினேன். முன்பு எங்கள் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்ற மாஸ்டர் யன்னல் ஓரத்தில் இருந்தார். "என்ன காணும், முகம் ஒரு மாதிரிக் கிடக்கு? நாவல் என்ன பாடு?"

"முடிஞ்சுது மாஸ்டர்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மெய்யே? அப்ப இனி உம்மோடை என்னத்தைக் கதைக்கிறது?"

நாவற்குழிப் பாலம் மட்டும் பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை. முடிவை அவருக்குச் சொன்னேன். பெருந்துயரம், பற்றை, கிணறு, வேலி, கயிறு எல்லாம் சொன்னேன். மனுசன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கலங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"கிணறு பங்குக் கிணறோ?" என்றார்.

"என்ன மாஸ்டர்?"

"கிணறு இரண்டு காணிக்கும் பங்கோ எண்டு கேக்கிறன். பங்குக் கிணறு எண்டால் வேலி கிணத்துக்கட்டோடை நிண்டிடும், கிணறு இரண்டு பேருக்கும். உம்மடை ஆள் கயிறு கட்டினது பிழை."

"மாஸ்டர், நான் எழுதினது இடப்பெயர்வைப் பற்றி..."

"அது விளங்குது. கயிறு எங்காலை போகுது? கிணத்துக்குக் கிழக்காலையோ?"

முன் இருக்கையில் இருந்த ஒருவர் திரும்பினார். "அது தனிக் கிணறாயும் இருக்கலாம் மாஸ்டர். காணி உறுதியைப் பார்க்காமல் சொல்லேலாது." பின்னால் இருந்த ஒரு அம்மா, தன் சகோதரனும் இப்படித்தான் கயிறு கட்டினவன், இன்றைக்கு வரைக்கும் முகம் பார்த்துக் கதைப்பதில்லை என்றா. கொண்டக்டர் மிச்சக் காசைக் கையில் வைத்தபடி நின்று, கயிறு கட்டினவன் பக்கம்தான் நியாயம் என்றான். மாஸ்டர் அவனை நிமிர்ந்து பார்த்து, "உனக்கு என்ன தெரியும்?" என்றார். கைதடியில் ஏறினவர்களுக்கு மாஸ்டர் கதையை முதலில் இருந்து சொன்னார். நான் எழுதியதை விடச் சுருக்கமாக, நன்றாகச் சொன்னார். எழுதினவன் பக்கத்தில் இருக்கிறான் என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டார்.

நான் யன்னலால் வெளியே பார்த்தபடி யோசித்தேன். கிணறு பங்கோ, தனியோ? இத்தனை வருடம் இந்த மனுசனோடு வாழ்ந்தும் நான் அதை யோசிக்கவே இல்லை. யோசிக்க யோசிக்க, அது பங்குக் கிணறாகத்தான் இருக்கவேண்டும் என்று பட்டது. அந்தப் பக்கத்துக் காணிகள் அப்படித்தான். சாவகச்சேரியில் இறங்கும்போது எனக்கே சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது: அடுத்த வீட்டுக்காரன்தான் சரி. என் கதாநாயகன், நான் இவ்வளவு காலம் தூக்கிச் சுமந்த மனுசன், காணி பிடிக்கிற பச்சைக் கள்ளன். பிரதியோ கொழும்பு ரெயினில் போய்க்கொண்டிருந்தது.